நகராத ஆடும் நாலு சாஃப்ட்வேரும்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள். பையனுக்கு கார்ட்டூன் மாதிரி ஓடுகிற சாகச விளையாட்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆசையாம். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று. ஆளாளுக்கு ஒரு பெயரைப் போட்டீர்கள். ஒருவர் வீடியோவே அனுப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த பதில் ஒரு வரியில் அடங்காது. அது ஒரு கோடை விடுமுறையின் நீளம். இப்போது கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் வீடு லெப்பைக்குடிக்காட்டில். அந்த ஊரில் ஆண்களில் பாதிப் பேர் எப்போதும் கடலுக்கு அந்தாண்டதான் இருப்பார்கள். எங்கள் அத்தாவும், அதாவது அப்பாவும், அப்படித்தான், வளைகுடாவில் ஒரு கடையில் வேலை. தங்கச்சி தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர். முதலாளி மாறினார், விசாவில் சிக்கல் என்று அவர் ஊருக்கு வருவது தள்ளிக்கொண்டே போனது. நான் ஏழாவது முடித்து எட்டாவது போகப்போகிறேன். தங்கச்சி ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தாவின் போன் வரும். அம்மா கூடத்து நாற்காலியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். முதலில் என்னிடம் கொடுப்பார்.

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாருக்கேன் அத்தா."

"நல்லா படிக்கிறியா?"

"ம்."

"சரி, அம்மாகிட்ட குடு."

அவ்வளவுதான். ஒரு வாரம் முழுக்க மனசில் சேர்த்து வைத்திருந்த பேச்சு அந்தக் கறுப்பு ரிசீவரைக் கையில் பிடித்ததும் ஆவியாகிவிடும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

தங்கச்சி அதற்குக்கூட வரமாட்டாள். மணி அடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அந்தப் போனையே அத்தா என்று நினைத்திருந்தாள். அதற்கு முத்தம் கொடுப்பாள், தூங்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் போனுக்குப் பக்கத்தில் போகவில்லை. "வெக்கம்" என்றார்கள். "திமிரு" என்றார்கள். ஒரு மாமி மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். அத்தனை சின்னப் பிள்ளைக்கும் அவமானம் என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் ஏழாவது படித்த அந்த வருஷம்தான் ஊருக்கு வந்த ஒருவர் மூலம் அத்தா கம்ப்யூட்டர் அனுப்பினார். வெளிநாட்டுக் கம்பளியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் அத்தரும் கலந்த வாசனை. 'பெரியவள் டைப்பிங் கற்றுக்கொள்ளட்டும்' என்பது அத்தாவின் உத்தரவு. அம்மா அதற்கு லேஸ் வைத்து உறை தைத்தார், ஓரத்தில் நீலப் பூக்கள். கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அடிக்கடி வந்து அதன் தலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "சுடுதுடி, அணைச்சிட்டுப் போய் வெளையாடுங்க" என்பார். அந்த உறை பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை. எங்கேயாவது கிடைத்தால் இன்றைக்கும் எடுத்து மூஞ்சியில் வைத்துக்கொள்வேன்.

விடுமுறை தொடங்கியதும் அரியலூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போய்ப் போய் அங்கே வேப்பமரங்கள்கூட வெள்ளையாக நிற்கும். பெரியப்பா எங்களை ஒரு பழைய சுரங்கத்துப் பக்கம் கூட்டிப்போய் ஒரு கல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். கல்லுக்குள் சுருள் சுருளாக ஒரு சிப்பி.

"இங்கல்லாம் ஒரு காலத்துல கடலு" என்றார்.

தங்கச்சி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தக் கடல் இப்ப எங்க பெரியத்தா?"

"போயிடுச்சு."

"அத்தா இருக்கற கடலுக்கா?"

பெரியப்பா சிரித்தார். அவளுக்கு அது சிரிப்பான விஷயமாக இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதையையே சொல்லி முடித்துவிட்டாள். ஒரு பொண்ணு அரியலூர்ப் பள்ளத்துக்குள் இறங்குவாள். பழைய கடலைத் தேடிக் கண்டுபிடிப்பாள். அதில் படகு விட்டு அந்தாண்ட போவாள். வழியில் ஒரு ஆடு மறிக்கும்.

"ஆடு எதுக்கு?" என்று கேட்டேன்.

"வழியில எப்பவும் ஆடு நிக்கும்ல?" என்றாள். அதுவும் சரிதான்.

இதை விளையாட்டாகச் செய்து கம்ப்யூட்டரில் ஓடவிட வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தோம். எப்படி என்று தெரியாது. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மாமுவிடம், அம்மாவின் தம்பியிடம், போய் நின்றோம். அவர் ஒரு சிடியைக் கொண்டுவந்தார். அதற்குள் இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் நிஜப் பெயர்களை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கு அவை கறுப்பு, டிவி, கோட்டை, அம்பு.

கறுப்பு மாமு தேர்ந்தெடுத்தது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் வரிகளாக அடித்துக்கொண்டே போக வேண்டும்.

"பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் இதுலதான் செய்றாங்க. கஷ்டமானதுல ஆரம்பிச்சா சுலபமானது தன்னால வந்துடும்" என்றார் மாமு.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனால் திரை முழுக்க 'எரர்' என்று வரும். எந்தப் புள்ளி என்று சொல்லாது. வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, மாமு வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருந்து, விடுமுறையில் பெரிய பங்கைத் தின்னக் கொடுத்த பிறகு, ஒரு வெள்ளைப் புள்ளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. நான் கத்தினேன். தங்கச்சி ஓடி வந்து பார்த்தாள்.

"இது என்ன?"

"பொண்ணு."

"எறும்புல்ல இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது படம் படமாக வரைவது. ஆட்டை ஒரு தடவை வரைய வேண்டும், காலைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தடவை. மவுஸுக்குள் ரப்பர் குண்டு இருந்த காலம். அழுக்கு சேர்ந்தால் ஆட்டின் வால் வானத்துக்குப் போய்விடும். குண்டைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து மறுபடி போடுவோம். மத்தியானம் கரண்ட் போய் ஒரு ஆட்டையே பறிகொடுத்தோம். மறுபடி வரைந்தோம். கடைசியில் ஆடு நடந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. கழுத்து ஆடியது. தாடி ஆடியது. தங்கச்சி மவுஸால் ஆட்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஆடு தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது.

"நாம சொன்னா கேக்காதா?"

"கேக்காது. நடக்கறதப் பாக்கலாம்."

"அப்ப இது டிவி" என்றாள்.

மூன்றாவது நான் ஆசைப்பட்டு எடுத்தது. அதில் எல்லாமே தயாராக இருந்தது. கோட்டை, அகழி, நெருப்புக் கக்கும் மிருகம், உடம்பெல்லாம் இரும்புச் சட்டை போட்ட ஆள். எடுத்து வைக்க வேண்டியதுதான், ஓடும். எனக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது. ஆனால் அதில் எங்களுடைய ஆட்டைக் கொண்டுவர வழியில்லை. பாவாடை சட்டை போட்ட பொண்ணு இல்லை. தங்கச்சி நாற்காலியின் கையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இவரு யாரு?"

"நாமதான்டி. வேஷம் போட்டிருக்கோம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நாம இல்ல" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்த இரும்பு ஆள் மேல் இருந்த பிரியம் போய்விட்டது.

நான் சலித்துப்போய் அரபிப் பள்ளிக்கு ஓதப் போயிருந்த ஒரு நாள், தங்கச்சி தனியாக உட்கார்ந்து அந்த சிடியில் கிடந்ததையெல்லாம் தட்டியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரையில் பார்க்கச் சகிக்காத சாம்பல் நிறக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் அவள் வரைந்த ஆடு, நாலு காலும் ஒரே நீளத்தில் கட்டில் மாதிரி. இன்னொரு கட்டத்தில் ஒரு பொண்ணு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி ஒன்றை இழுத்து விட்டிருந்தாள். பொண்ணை நகர்த்தினால் ஆடு பின்னாலேயே ஓடி வந்தது.

"எப்படிடி செஞ்ச?"

"இழுத்தேன். வந்துச்சு."

தோழிகளே, தோழர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். உட்கார்ந்த அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்று நம் பேச்சைக் கேட்டு நகர வேண்டும். அது கட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டிலைப் பிறகு ஆடாக்கிக்கொள்ளலாம்.

மாமு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது வெளையாட்டுச் சாமான். நாளைக்கு வேலைக்குப் போனா எவன் இதைக் கேப்பான்?"

"நாங்க வெளையாட்டுதான் மாமு செய்றோம்" என்றேன்.

அதன் பிறகு வேலை பறந்தது. சுரங்கத்தை வரைந்தோம், வெள்ளை வேப்பமரங்களை வரைந்தோம், கல்லுக்குள் இருந்த சுருள் சிப்பியைப் படகாக்கினோம். ஆடு வழிமறிக்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு பெரிய விவாதம். ஆட்டை எப்படி நகர்த்துவது? தழை கொடுத்தால் நகரட்டும் என்றேன் நான்.

"எதுத்த வூட்டு ஆடு தழையும் தின்னுட்டு அங்கேயேதான் நிக்குது" என்றாள் தங்கச்சி. "நாம அதைக் கண்டுக்காம திரும்பிப் போனா பின்னாடியே வரும்."

அப்படியே வைத்தோம். என்ன கொடுத்தாலும் நகராது. பொண்ணு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தால் ஆடு வழியை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்துவிடும். இரண்டு கட்டம், ஒரு அம்பு.

ஆட்டுக்குக் குரல் வேண்டும். கம்ப்யூட்டரோடு ஒரு குச்சி மைக் வந்திருந்தது. நான் கத்தினால் பூனை மாதிரி இருந்தது. தங்கச்சி கத்தினால் தங்கச்சி மாதிரியே இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மாவை இழுத்து வந்தோம்.

"எனக்கு வேற வேலை இல்லையா? ஆடு மாதிரி கத்தணுமாம்ல."

"ஒரே ஒரு தடவம்மா."

அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, மைக்கைப் பார்த்து மெல்ல "மே" என்றார்.

"இது பயந்த ஆடு" என்றாள் தங்கச்சி. "கோவமா கத்துங்கம்மா."

அம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். யாரை நினைத்துக்கொண்டாரோ, என்ன நினைத்துக்கொண்டாரோ, "மே...ஏ...ஏ...ஏ" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், எதிர் வீட்டு ஆடு பதில் கொடுத்தது. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் "சேவ் பண்ணிட்டியா?" என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஊறுகாய் ஜாடியை மூடினால்கூட அம்மா "சேவ் பண்ணியாச்சு" என்பார்.

எல்லாம் முடிந்ததும், அத்தாவுக்கு அனுப்ப அதை சிடியில் ஏற்றுவதற்குப் பெரம்பலூருக்கு, மாமுவின் சென்டருக்குப் போனோம். ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவர் உட்கார்ந்தார். ஆட்டுக்குத் தழை கொடுத்தார். பழத்தோல் கொடுத்தார். கல்லால் அடித்தார். வெளியே அவருடைய மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். மாமு திரும்பியே பார்க்கவில்லை.

"இதுல ஏதோ தப்பு இருக்கு" என்றார்.

"தப்பு இல்ல மாமு, ஆடு அப்படித்தான்" என்றாள் தங்கச்சி. மாணவர்கள் உள்ளே வந்து சுற்றி நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அந்த சென்டரில் பாடம் நடக்கவில்லை.

அடுத்த தெருவிலிருந்து வளைகுடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம், அம்மா கொடுத்த இஞ்சி முரப்பாவோடு சிடியும் போனது.

சில வெள்ளிக்கிழமைகள் ஒன்றுமில்லாமல் கடந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்தது. தங்கச்சி வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில் போனாள். நான் எடுத்து சலாம் சொன்னேன். நல்லாருக்கியா என்ற கேள்வி வரவில்லை.

"ஏம்மா, அந்த ஆடு யாரு?" என்றார் அத்தா.

"எந்த ஆடு அத்தா?"

"கத்துதே, அது. ரூம்ல மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருத்தர் கம்ப்யூட்டர்லதான் போட்டோம். எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க. அது கத்துனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. உங்கம்மா குரல்தானே அது?"

நான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "யா அல்லாஹ்! அத்தனை ஆம்பளைங்க முன்னாடியா!"

"நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார் அத்தா. "ஆனா அந்த ஆடு நகர மாட்டேங்குதும்மா. என்னதான் குடுக்கறது அதுக்கு?"

"ஆடு நகரலையா அத்தா? அது வந்து..." என்று நான் விடையைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கூச்சல்.

"சொல்லாத!"

தலையில் ஒட்டடையோடு ஓடி வந்தாள். என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். அது அவள் முகத்தில் பாதியை மறைத்தது.

"நீங்க என்ன குடுத்தீங்க?" என்றாள்.

நானும் ரிசீவரில் காதை ஒட்டினேன், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"யாரு... சின்னவளா?"

"என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன்."

"தழை... தழை குடுத்தேம்மா."

"அது நகராது."

"பழத்தோலு?"

"நகராது."

"அப்ப நீயே சொல்லேன்."

"மாட்டேன். யோசிச்சு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்று சொல்லி டொக்கென்று போனை வைத்துவிட்டாள். அம்மாவின் முறையே வரவில்லை. அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அவள் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார். அது போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளின் நிறமே மாறிவிட்டது. தங்கச்சி போனுக்கு முன்னால் காலையிலேயே பாய் விரித்துவிடுவாள். அத்தா ஒவ்வொரு வாரமும் ஒரு யோசனையோடு வருவார். ஆட்டுக்குப் பாட்டுப் பாடினேன் என்பார். ஆட்டுக்குக் குடை பிடித்தேன் என்பார். ஒரு வாரம் ஆட்டுக்கு சலாம் சொன்னேன் என்றார். அவள் பாயில் புரண்டு புரண்டு சிரித்தாள். அப்படியே பேச்சு ஆட்டை விட்டு நகரும். அங்கே ஆடு இருக்கா, மழை பெய்யுமா, யார் சோறாக்குவது, அத்தாவுக்கும் பல் விழுந்ததா. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் நாக்கு அவிழ்ந்தது. சுரங்கத்தில் லாரி எப்படி வரைந்தேன் என்று நான் சொல்ல, கடையில் தான் சாமான் அடுக்குவதை அவர் சொல்ல, அம்மா கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கையாட்டுவார். அத்தா வேடிக்கையாகப் பேசுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மழைக்காலம் வந்தபோது மீன்சுருட்டிக்காரர் லீவில் வந்தார். அத்தாவின் அறைத்தோழர். ஜெயங்கொண்டம் வழியாக பஸ் மாறி மாறி எங்கள் ஊருக்கு வந்து, அத்தா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தையும் துணிகளையும் கூடத்தில் எடுத்து வைத்தார். அம்மா டீயும் சமோசாவும் கொடுத்தார். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சின்னப்பொண்ணு எங்கங்க?"

"கொல்லையில வெளையாடுது."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப சொல்லலாம். அந்த ஆட்டை உங்க வூட்டுக்காரர் போட்ட அன்னிக்கே தாண்டிட்டாருங்க. ஒண்ணும் நகரலேன்னு சலிச்சுப்போய்த் திரும்புனாரு, ஆடு பின்னாடியே வந்துடுச்சு. கடலையும் தாண்டி முடிச்சிட்டாரு. ஆனா வெள்ளிக்கிழமை வந்தா எங்களை உக்காரவச்சு, இந்த வாரம் என்ன தப்பு சொல்லலாம்னு கேப்பாரு. சலாம் சொன்னது என் யோசனைங்க."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். ஏற்கெனவே நிறைந்திருந்த தட்டில் இன்னும் சமோசாக்களை வைத்தார்.

நான் கொல்லைக்கு ஓடினேன். தங்கச்சி மழைத் தண்ணீரில் பூவரச இலையை மிதக்க விட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஆட்டுக்கு யாராவது சலாம் சொல்வாங்களா?"

"பின்ன ஏன்டி அத்தாகிட்ட கேக்கல?"

இலை ஒரு கல்லில் முட்டி நின்றது. விரலால் அதைத் தள்ளிவிட்டாள். "கேட்டா முடிஞ்சு போயிடும்ல. அப்புறம் பழையபடி நல்லாருக்கியா, நல்லா படிக்கிறியான்னுதான் கேப்பாங்க. பாவம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, பெரிய மனுஷி மாதிரி விரலை ஆட்டினாள். "நீயும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் தங்கச்சி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தா, இந்த வாரமாவது நகந்துச்சா?"

"எங்கம்மா நகருது? சரியான பிடிவாதம் புடிச்ச ஆடா இருக்கு."

"யோசிங்க அத்தா, நல்லா யோசிங்க" என்றாள் அவள்.

விசா சிக்கலெல்லாம் தீர்ந்து அவர் திருச்சியில் வந்து இறங்குகிற வரைக்கும் அந்த ஆடு நகரவே இல்லை.